ரீஸ்டார்ட் செய்யும் முன் லாகைப் பாருங்கள்

உதவித்தொகை விண்ணப்பத் தளத்தை நடத்தும் துறையின் இயக்குநர் அவர்களுக்கு,

தங்கள் துறையின் தளம் காலை 8 மணிக்கு ஒழுங்காக வேலை செய்கிறது. 11 மணிக்கு மேல் முகப்புப் பக்கமும் படங்களும் வருகின்றன. ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தினால் மட்டும் வெள்ளைத் திரையில் ‘502 பேட் கேட்வே’. மறுபடி அழுத்தினால் சில நேரம் போகிறது, சில நேரம் போவதில்லை. இ-சேவை மையத்தில் சான்றிதழ் உறையோடு நிற்கும் மாணவியிடம், “சர்வர் டவுன்மா, சாயங்காலம் வா” என்கிறார் ஆபரேட்டர். இரண்டு பஸ் மாறி வந்தவள் அவள்.

உண்மையில் சர்வர் டவுன் ஆகவில்லை. படங்களையும் கோப்புகளையும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் நேராக எடுத்துக் கொடுத்துவிடும். விண்ணப்பத்தைப் பதியும் ஸ்கிரிப்டை ஓட்டுவது அதன் பின்னால் இருக்கும் பிஎச்பி-எஃப்பிஎம். ஒரே நேரத்தில் எத்தனை ஸ்கிரிப்டுகள் ஓடலாம் என்பதற்கு அதில் உச்சவரம்பு உண்டு. மென்பொருளோடு வரும் மாதிரி அமைப்பில் அது வெறும் 5. ஐந்தும் டேட்டாபேஸ் பதிலுக்காகக் காத்துக்கிடந்தால் ஆறாவது ஆள் வெளியே நிற்க வேண்டியதுதான். என்ஜின்எக்ஸ் வழக்கமாக 60 வினாடி பொறுக்கும், பிறகு 504 என்ற பிழையைக் காட்டும். 502 வந்தால் விஷயம் வேறு: பின்னால் இருப்பது இணைப்பையே ஏற்கவில்லை, அல்லது பாதியில் செத்துவிட்டது. இந்த இரண்டு எண்களையும் ஒன்றாகப் பார்ப்பவர்களுக்குக் கோளாறு பிடிபடாது.

“எந்த ஸ்கிரிப்டும் 30 வினாடிக்கு மேல் ஓடாதே” என்று பொறியாளர்கள் சொல்லக்கூடும். பிஎச்பியின் வழக்கமான வரம்பு அதுதான். ஆனால் லினக்ஸில் டேட்டாபேஸுக்காகக் காத்திருக்கும் நேரம் அந்தக் கணக்கில் சேராது. மாட்டிக்கொண்ட ஸ்கிரிப்ட் நிமிடக்கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

உச்சவரம்பை 100 ஆக்கினால் தீருமா? ஒவ்வொன்றும் 60 எம்பி நினைவகம் எடுத்தால் மொத்தம் 6 ஜிபி. சர்வரில் இருப்பதே 4 ஜிபி என்றால், லினக்ஸ் ஏதோ ஒரு நிரலைக் கொன்றுதான் மூச்சுவிடும். பல நேரம் பலியாவது டேட்டாபேஸ்தான்.

ரீஸ்டார்ட் செய்தால் மாட்டிக்கொண்டவை எல்லாம் கலைந்து தளம் எழுந்துவிடும். அதோடு, எது மாட்டியது என்பதைக் காட்டும் நேரடி ஆதாரமும் கலைந்துவிடும். மறுநாள் அதே கதை.

உள்ளே பார்க்காமல் சரிசெய்ய முடியாது என்பதற்கு ஒரு உதாரணம்: அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1 அன்று ஹெல்த்கேர்.கவ் என்ற மருத்துவக் காப்பீட்டுத் தளம் திறந்தபோது, முதல் நாளில் காப்பீட்டுப் பதிவை முடித்தவர்கள் 6 பேர் மட்டுமே. பின்னர் பொறியாளர் மைக்கி டிக்கர்சன் உள்ளிட்டோர் மீட்புக்கு வந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதை எல்லோரும் ஒரே இடத்தில் பார்க்கும் கண்காணிப்புத் திரைகூட அங்கே இல்லை. அதைத்தான் முதலில் வைத்தார்கள்.

தங்களிடம் கேட்பது பெரிய செலவு இல்லை. எஃப்பிஎம்மின் ஸ்லோ லாக், அதாவது மெதுவாக ஓடும் ஸ்கிரிப்டுகளின் பதிவு, இயல்பாக அணைந்தே இருக்கும். 5 வினாடியைத் தாண்டும் ஸ்கிரிப்டைப் பதியும்படி அதை அமைக்கச் சொல்லுங்கள், எந்தக் கோப்பில் எந்த வரியில் ஸ்கிரிப்ட் நிற்கிறது என்று அதுவே எழுதிவைக்கும். லாகைப் பிரதி எடுக்காமல் ரீஸ்டார்ட் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவிடுங்கள். கடைசித் தேதியன்று எத்தனை சமர்ப்பிப்புகள் 502, 504 வாங்கின என்பது ஆக்ஸஸ் லாகில் மணி நிமிடத்தோடு இருக்கும். அந்த எண்ணிக்கையை வெளியிட்டு, அதை வைத்தே கெடுவை நீட்டுங்கள்.