விங்கரின் காதருகே கத்தாதீர்கள்

திருப்போரூர், கேளம்பாக்கம், கோவளம், மாமல்லபுரம் என்று நம் பக்கத்து மைதானங்களில் எந்தச் சிறுவர் கால்பந்து ஆட்டத்தைப் பார்த்தாலும் இது நடக்கிறது. கோச் நிற்கும் பக்கத்து விங்கர் முதல் பாதி முழுக்க அவர் சொல்லுக்கே ஆடுகிறான். ஓடு, கிராஸ் போடு, பின்னால வா: பந்து காலுக்கு வருமுன் மூன்று கட்டளை. எதிர்ப்பக்கத்து விங்கரை யாரும் கூப்பிடுவதில்லை. இடைவேளைக்குப் பின் பக்கம் மாறியதும் கட்டளையெல்லாம் அவனுக்கு.

ஏன் கத்துகிறீர்கள் என்று கேட்டால், பேச்சால் அணியைக் கிளப்பிய பயிற்சியாளர் பி.கே. பானர்ஜியைச் சிலர் காட்டுகிறார்கள். அவர் பேசியது எப்போது என்பதைத்தான் கவனிக்கவேண்டும்.

பி.கே. வலது விங்கர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அணித்தலைவராக பிரான்ஸுக்கு எதிராக அவர் அடித்த கோலால் ஆட்டம் 1-1 என முடிந்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் தென் கொரியாவை 2-1 என வென்றபோது முதல் கோல் அவருடையது. இத்தனைக்கும் அவர் கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகள் எதிலும் ஆடியவரல்லர். ஆரியன் கிளப்புக்குப் பின் 1967-இல் ஓய்வு பெறும்வரை ஈஸ்டர்ன் ரயில்வேதான். அந்த அலுவலக அணி 1958-இல் கொல்கத்தா லீக்கையே வென்றது.

பிறகு அதே பெரிய கிளப்புகளில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் அவரைப் பயிற்சியாளராக அழைத்தன. 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு வெண்கலம், 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5-0 என வீழ்த்தியது, 1977-இல் பெலே ஆடிய காஸ்மோஸோடு மோகன் பகான் 2-2 டிரா என்று பட்டியல் நீளும். 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியைத்தான் நான் பாடமாக எடுப்பேன். எதிரணிப் பயிற்சியாளர் அமல் தத்தா, பி.கே.யின் ஈஸ்ட் பெங்கால் வீரர் பாய்ச்சுங் பூட்டியாவின் பெயரையே கேலி செய்திருந்தார். பி.கே. அந்தக் கேலியைத் தன் பையன்களிடம் எடுத்துச் சொல்லி அவர்களுக்கு ரோஷமூட்டினார். சால்ட் லேக் மைதானத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன் பூட்டியா ஹாட்ரிக் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது.

'வோக்கல் டானிக்' என்று பெயரெடுத்த அந்தப் பேச்சு ஆட்டத்துக்கு முன்பு கொடுத்த மருந்து. யாருக்கு எது சுடும் என்று தெரிந்து பேசியது. விங்கர் பெரும்பாலான நேரம் பந்துக்காகக் காத்திருப்பவர். ஃபுல்பேக் எந்தக் காலில் சாய்கிறார், பின்னால் எவ்வளவு இடம் விடுகிறார் என்று அந்த நேரத்தில்தான் பார்த்துவைப்பார். பி.கே. ஆட்களை அத்தனை நுணுக்கமாகப் படித்தது அந்த ஓரத்தில் பழகிய கண்ணால்தான் என்பது என் துணிபு. நாம் ஓயாமல் கத்தும்போது சிறுவனின் கண் எதிராளியை விட்டு நம் மேல் திரும்புகிறது.

மாமல்லபுரத்திலேயே எஃப்.சி. மெட்ராஸின் உறைவிடப் பயிற்சிக்கூடம் வந்திருக்கிறது. அங்கே தேர்வுக்குப் போகும் நம் பையனுக்கு டச்லைனில் நின்று சொல்லித்தர நாம் இருக்கமாட்டோம். ஆகவே இந்தப் பருவத்தில் மாதம் ஓர் ஆட்டமாவது பெஞ்சில் உட்காருங்கள். சொல்லவேண்டியதை விசிலுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இடைவேளையில் இரண்டு விங்கர்களையும் அழைத்து, "உன் ஆளு எப்படி நிக்கிறான்?" என்று கேளுங்கள், பதில் வரும்வரை பொறுங்கள். கோச் ஏன் சும்மா இருக்கிறார் என்று பெற்றோர் கேட்பார்கள். அவர்களுக்கும் ஆட்டத்துக்கு முன்பே காரணத்தைச் சொல்லிவிடுவது நல்லது.