மாயத்தீயும் மெய்த்தீயும்

மேல்வகுப்பு மாணாக்கருக்கு நெருப்பணைக்கும் வித்தையைக் கண்ணில் மாட்டும் யந்திரமொன்றின் மூலம் கற்பிக்கலாமென்று இப்பொழுது பல தேசங்களில் பேசப்படுகிறது. ஜனங்கள் வி.ஆர். என்று வழங்கும் மெய்நிகர்க் கண்ணாடியே அது. அதை அணிந்த பிள்ளையின் எதிரே சமையலறை எரிகிறது, புகை மூடுகிறது, வாசல் தெரியவில்லை, கையிலுள்ள பிடியை அழுத்தித் தீயின் அடியை நோக்கினால் ஜ்வாலை அடங்குகிறது. மேனியில் ஒரு பொறியும் படுவதில்லை. இதைப் புதுவையில் கைக்கொள்ளலாமா என்று கேட்போருக்கு, கைக்கொள்ளலாம் என்பதே நமது விடை. ஆனால் அது யாருக்குப் போய்ச் சேரும், எந்த மட்டும் பயன்படும் என்பவற்றை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இப்பொழுது நடப்பதென்ன? ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் ஒரு வாரம் தீத்தடுப்பு வாரம் கொண்டாடப்படுகிறது. உடுப்பணிந்த வீரர்கள் பள்ளி மைதானத்தில் ஒரு தட்டில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தி அணைத்துக் காட்டுகிறார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். அணைப்பானைத் தொட்டுப் பார்ப்பவர் இருவரோ மூவரோதான். ஒருமுறை திறந்த அணைப்பானை மறுபடி நிரப்பச் செலவாகும் என்பதால் எல்லோர் கையிலும் அதைக் கொடுக்க எந்தத் தலைமையாசிரியரும் துணியமாட்டார். இக்குறையை வி.ஆர். கண்ணாடி போக்குமென்பதில் ஐயமில்லை. எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் என்னவாகும், மின்சாரத் தீயில் முதலில் எதைத் துண்டிப்பது, புகையில் நிமிர்ந்து ஓடாமல் தரையோடு தவழ்வது ஏன் என்பவற்றைப் பிள்ளை தவறு செய்தே கற்கலாம். அத்தவறு உயிரை வாங்காது.

அக்கண்ணாடி காட்டமாட்டாதனவும் உண்டு. அணைப்பானின் கனம் அதில் இல்லை. முகத்தைச் சுடும் வெப்பமும் நெஞ்சை அடைக்கும் புகையும் இல்லை. பள்ளிகளில் தொங்கும் 6 கிலோ அணைப்பானின் பொடி ஏறக்குறைய 20 விநாடிகளில் தீர்ந்துவிடும். விளையாட்டில் வென்ற பிள்ளை இதை அறியாமற் போனால், தீ பெருத்த பின்னும் எதிர்த்து நிற்பான். 14 வயதுப் பையனுக்கு வீரம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. விலகத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். ஏப்ரல் 14 என்பதே 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து, தீயோடு போரிட்ட 66 வீரர்கள் மாண்ட நாள். பயின்றவர்களையே அது விடவில்லை. ஆகையால் மாயத்தீயை அணைத்தவனுக்கு மட்டுமன்றி, கூச்சலிட்டு எல்லோரையும் எழுப்பி, 101க்குச் சொல்லிவிட்டு வெளியேறியவனுக்கும் அந்த யந்திரம் வெற்றி கொடுக்க வேண்டும்.

இவ்விஷயத்தில் பிரான்ஸைச் சற்று நோக்குவோம். 1954 நவம்பர் 1ஆம் தேதி அவர்களுடைய ஆட்சி இங்கே முடிந்தது. அதற்காக அவர்களிடமுள்ள நல்லதை வெறுக்க வேண்டுவதில்லை. அங்கே 11 முதல் 18 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் 'இளம் தீயணைப்பாளர்' என்று சேர்ந்து, தீயணைப்பு வீரர்களிடமே முதலுதவியும் குழாய் பிடிக்கும் முறையும் பயின்று தேர்வெழுதுகிறார்கள். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இத்தகைய இளைஞர் படைகள் உண்டு. புதிய கண்ணாடியை வாங்க முந்துகிறவர்கள் இந்தப் பழைய ஏற்பாட்டை ஏன் கவனிப்பதில்லை? கண்ணாடியில் பழகிய பிள்ளையை ஒரு நாளாவது தீயணைப்பு நிலையத்துக்கு அழைத்துச் சென்று மெய்யான குழாயைப் பிடிக்கச் செய்தாலொழிய பாடம் பாதியிலேயே நிற்கும்.

இனி, யாருக்கு என்பது. நிறையக் கட்டணம் வாங்கும் பள்ளியொன்று நாலு கண்ணாடி வாங்கிப் பத்திரிகையில் படம் போட்டுக்கொள்வதோடு இது முடிந்துவிடும் என்பதே நமது அச்சம். கடலோரக் குப்பங்களில் கீற்றுக் கூரையின் கீழ் காஸ் சிலிண்டர் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கல்லவோ இப்பாடம் முதலில் வேண்டும்? கண்ணாடிகள் தீயணைப்பு இலாகாவின் உடைமையாக இருந்து, ஒரு வண்டியில் சர்க்கார் பள்ளிதோறும் போகட்டும். தமிழ்க் கரையிலுள்ள காரைக்காலுக்கும், கேரளக் கரையிலுள்ள மாஹேக்கும், ஆந்திரத்திலுள்ள ஏனாமுக்கும் முறை வைத்துப் போகட்டும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் வெந்து மாண்டன. சமையல் கொட்டகையில் பிடித்த தீ கீற்றுக்கூரை வழியே வகுப்புக்குத் தாவியது. தப்பிச் செல்லத் தக்க வழியில்லை. எந்தக் கண்ணாடியும் அவர்களைக் காப்பாற்றியிராது. அக்கோரத்தை அடுத்துத் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009 ஏப்ரலில் தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட்டு, கல்வி பெறும் உரிமையில் பத்திரமான பள்ளியும் அடங்கும் என்று சொல்லி, எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதத்துக்குள் அணைப்பான்கள் வைக்கவும், ஆசிரியர்களும் சிப்பந்திகளும் அவற்றைக் கையாளப் பயிலவும் கட்டளையிட்டது. அக்கடமை பெரியவர்களுடையது. பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டோம் என்று சொல்லி அதைக் கழித்துக்கொள்ள எந்த நிர்வாகிக்கும் சட்டத்தில் இடமில்லை.

எனவே நமது சட்டசபை அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். நமது நான்கு பிராந்தியங்களிலும் ஒவ்வொரு பள்ளிக்கும் எத்தனை வாசல், எத்தனை மாடிப்படி, அணைப்பான் கடைசியாக நிரப்பப்பட்ட தேதி எது, அதைக் கையாளப் பயின்ற ஆசிரியர் எத்தனை பேர் என்று சபையில் கேளுங்கள். அந்தப் பட்டியலையும் கண்ணாடிகளுக்கான செலவுக் கணக்கையும் சர்க்கார் ஒரே நாளில் மேஜைமீது வைக்கட்டும்.