விதைத்தவர் யார்? அறுப்பவர் யார்?
விளையாட்டு வீரர் இழப்பும் ஈடு செய்யப்படாத கடனும்

2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரக் கூடைப்பந்தாட்ட அணியின் தலைசிறந்த வீரரான கெவின் டியூரண்ட் தமது ஒப்பந்தம் முடிவுற்றதும் அவ்வணியை நீங்கிக் கோல்டன் ஸ்டேட் அணியிற் சேர்ந்தார். சில வாரங்களுக்கு முன்னர் நடைபெற்ற அரையிறுதித் தொடரில் ஒக்லஹோமாவை வென்ற அணியே அது. ஒக்லஹோமாவுக்குப் பதில் வீரரோ பணமோ கிடைக்கவில்லை. புதிய வீரரைத் தெரிவுசெய்யும் முன்னுரிமையும் கிடைக்கவில்லை. கோல்டன் ஸ்டேட் அணி 2017இலும் 2018இலும் வெற்றிக் கிண்ணத்தைச் சுவீகரித்தது. ஒக்லஹோமாவின் ரசிகர் சிலர் அவ்வீரரின் பெயர் பொறித்த மேற்சட்டைகளைத் தீயிட்டுக் கொளுத்தினர்.

இத்தகைய இழப்பு நேரும்போதெல்லாம் எழும் ஒரு கூக்குரல் உண்டு. வளர்த்த அணி வெறுங்கையுடன் நிற்பது நீதியோ, சட்டம் அதற்கு நட்டஈடு பெற்றுத்தர வேண்டாமோ என்பதே அது. கூக்குரலின் பின்னாலுள்ள நியாயம் மெய்யானது. ஆயின், அது தவறான வாயிலிருந்து எழுகின்றது. நட்டஈடு கோரும் உரிமை எவருக்கேனும் உண்டெனில், அது கோடிக்கணக்கிற் பணம் புரளும் பெருநகர அணிக்கு உரியதன்று. பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பாடசாலைக்கும் மைதானத்தைத் துப்புரவாக்கிய ஊர்க் கழகத்திற்குமே அது உரியது. அமெரிக்காவுக்குப் பொருந்தும் இவ்வுண்மை மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலுள்ள மண்டூருக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

முதலில், நட்டஈடு என்னும் ஏற்பாட்டின் வரலாற்றை நோக்குதல் தகும். அமெரிக்கத் தொழின்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் நெடுங்காலமாக, ஒப்பந்தக் காலம் கழிந்த பின்னரும் வீரர் பழைய அணிக்கே கட்டுண்டிருந்தார். அணி விற்றால் அவர் செல்லலாம். தாமாக விரும்பிச் செல்ல இயலாது. இக்கட்டினை உடைக்க, வீரர் சங்கத்தின் தலைவராயிருந்த ஒஸ்கார் றொபேட்சன் 1970இல் நீதிமன்றஞ் சென்றார். வழக்கு 1976இல் இணக்கத்துடன் முடிவுற்றது. அணி மாறும் உரிமை பிறந்தது. ஆயினும், வீரரைப் பெறும் அணி இழக்கும் அணிக்கு நட்டஈடு வழங்கவேண்டும் என்ற நிபந்தனை சில ஆண்டுகள் நீடித்தது. இரு அணிகளும் உடன்படாவிடின், ஈடு யாதென விதிக்கும் அதிகாரம் கூட்டமைப்பின் ஆணையாளருக்கு இருந்தது.

அந்நிபந்தனை விளைத்ததென்ன? 1978இல் மார்வின் வெப்ஸ்டரை நியூயோர்க் அணிக்கு இழந்த சியாட்டில், ஈடாக லொனி ஷெல்டன் என்னும் வீரரைப் பெற்று மறு ஆண்டே வெற்றிக் கிண்ணத்தை வென்றது. 1979இல் பில் வோல்டனைப் போர்ட்லண்டிலிருந்து பெற்ற சான்டியாகோ அணி, இரு வீரரையும் எதிர்காலத் தெரிவுரிமையையும் பணத்தையும் ஈடாகக் கொடுத்தது. காலிற் காயமுற்றிருந்த வோல்டனோ அப்பருவத்தில் 14 ஆட்டங்கள் மட்டுமே ஆடினார். இழந்தவர் இலாபமடையவும் பெற்றவர் வறியவராகவும் நேர்ந்த இவ்வேற்பாட்டில் அணிகள் வீரரை அழைக்கவே தயங்கின. சுதந்திரம் ஏட்டில் இருந்தது. அதன் விலை வீரரின் கழுத்திற் கட்டப்பட்டிருந்தது. 1980களின் தொடக்கத்தில் நட்டஈட்டு முறை கைவிடப்பட்டது. 1988இல் டொம் சேம்பர்ஸ் எவ்வித ஈடுமின்றிச் சியாட்டிலிலிருந்து பீனிக்ஸ் சென்றபோது முழுச் சுதந்திரம் நடைமுறைக்கு வந்தது. வீரரைத் தளையிடும் நட்டஈடு ஒழிந்தமை நன்றே.

ஆயினும், தம் வீரரை இழந்தோமெனப் புலம்பும் அவ்வணிகள் அவ்வீரரை எவ்வாறு பெற்றன என்ற கேள்வி அரிதாகவே எழுகின்றது. 1992இல் ஷக்கீல் ஓனீலை ஓர்லாண்டோ அணி தெரிவுசெய்தது. 1996இல் அவர் லொஸ் ஏஞ்சலிஸ் சென்றபோது ஓர்லாண்டோவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்காக வருந்தியோர் பலர். மூன்றாண்டு அவரை ஆட்டக்காரராக உருவாக்கியது லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம். அப்பல்கலைக்கழகத்திற்கோ, அதற்கு முன் அவருக்குப் பயிற்சியளித்த பாடசாலைக்கோ ஓர்லாண்டோ கொடுத்த ஈடு யாது? ஒன்றுமில்லை. இலவசமாகப் பெற்றவர், இலவசமாக இழந்தபோது நீதி பேசினார். தவிரவும், தோற்ற அணிக்கு அடுத்த ஆண்டின் இளம் வீரருள் முன்னுரிமை வழங்கும் ஏற்பாடு அங்குள்ளது; வீரரைப் பரிமாறும் சந்தையும் உள்ளது. அவற்றின் துணைகொண்டு மீண்டெழுந்த ஒக்லஹோமா, 2025இல் தானே வெற்றிக் கிண்ணத்தை வென்றது. பெரிய அணியின் காயம் ஆறும். ஆறாத காயம் எங்குள்ளதெனக் காண, பார்வையைக் கீழைக் கரைக்குத் திருப்பவேண்டும்.

மட்டக்களப்புக்கும் கூடைப்பந்தாட்டத்துக்கும் உள்ள உறவு இலங்கையின் விளையாட்டு வரலாற்றிற் சிறப்பானது. 1873இல் நிறுவப்பட்ட புனித மிக்கேல் கல்லூரி அவ்விளையாட்டின் நாற்றுமேடையாக விளங்கிற்று. நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபைத் துறவியர் மட்டக்களப்புக்கு வந்து மைதானங்களையும் வீரரையும் உருவாக்கினர். அருட்தந்தை ஹரல்ட் வெபரின் பெயரை நகரின் விளையாட்டரங்கு தாங்கி நிற்கின்றது. அருட்தந்தை யூஜின் ஹேபியர் கல்லூரி மாணவருக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றியவர்; 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்கையிற் காணாமற்போனார். அவர் பிறந்ததும் லூசியானா மாநிலமே. அங்கிருந்து வந்தோர் தம் உழைப்பை விலையின்றி ஈந்தனர். அவர்களிடம் கற்ற உள்ளூர் ஆசிரியரும் அவ்வாறே ஈந்தனர். அவ்வீகையின் விளைவை இன்று அனுபவிப்போர் யாவர் என்பதே கேள்வி.

வாவியைக் கடந்து படுவான்கரை சென்றால் இக்கேள்வி மேலும் கூர்மையடைகின்றது. சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் முருகன் ஆலயத்தாற் புகழ்பெற்றது மண்டூர், புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளை 1899இற் பிறந்த மண் அது. குருமண்வெளித் துறையிலிருந்து ‘பாதை’ என வழங்கும் மிதவையிலேறியே மக்கள் நெடுங்காலமாக அவ்வூருக்குப் போய்வந்தனர். அப்பாதை இரு திசையிலும் செல்லும். திறமையின் பாதையோ ஒரு திசையில் மட்டுமே செல்கின்றது.

படுவான்கரைச் சிற்றூரொன்றின் சிறுவனை எண்ணிப் பார்க்கலாம். உயரமும் வேகமும் உடையவன். ஊர்ப் பாடசாலை ஆசிரியர் தம் சம்பளத்திற் பந்து வாங்கிக் கொடுக்கிறார். ஊர்க் கழகத்து இளைஞர் அறுவடைக் காலத்திற் சேர்த்த பணத்தில் அவனுக்குச் சப்பாத்து வாங்குகின்றனர். பதின்மூன்று வயதில் நகரப் பாடசாலைக்குச் செல்கிறான்; அங்கு இன்னொரு பயிற்றுநர் மாலைதோறும் ஊதியமின்றி உழைக்கிறார். பதினாறு வயதிற் புலமைப்பரிசில் என்ற பெயரில் தலைநகரப் பெரும் பாடசாலையொன்று அவனை அழைக்கிறது. பத்தொன்பதில், வர்த்தக நிறுவனமொன்றோ ஆயுதப் படையொன்றோ தன் அணிக்காக வேலைவாய்ப்பு வழங்குகின்றது. அவன் வெல்லும் கிண்ணம் நிறுவனத்தின் கண்ணாடி அலுமாரியில் ஒளிர்கின்றது. பந்து வாங்கிய ஆசிரியருக்குக் கிடைப்பது பத்திரிகையில் வந்த படம். அதிலும் அவர் பாடசாலையின் பெயர் இல்லை.

அவ்விளைஞன் சென்றமை குற்றமாகாது. வறிய குடும்பத்திற்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் பெரும் பேறு. ‘ஊருக்கு விசுவாசமாக இருந்திருக்கலாம்’ என்று குறைகூறுவோர், மட்டக்களப்பின் பழைய கொம்புமுறி விளையாட்டை நினைவிற் கொண்டு பேசுகின்றனர் போலும். அங்கு ஊரார் வடசேரி, தென்சேரி எனப் பரம்பரையாக இரு கட்சியாவர்; கட்சி மாறுதல் இல்லை. கொம்பு முறிந்ததும் யாவரும் அவரவர் வயலுக்குத் திரும்பினர். எச்சேரியும் எவரையும் சம்பளத்துக்கு அமர்த்தவில்லை. விளையாட்டு பிழைப்பான பின்னர், பிறந்த ஊரைக் காட்டி ஒருவனை மறித்தல், றொபேட்சன் எதிர்த்த அடிமைத்தளையை ஊர்ப்பற்று என்ற பெயரில் மீண்டும் பூட்டுவதாகும்.

மறுபுறத்தில், ‘அவன் உயர்ந்தால் ஊருக்குப் பெருமை, அதுவே போதும்’ என்போர் உளர். இவர்களின் வாதம் இனிமையானது, ஆயின் வஞ்சகமானது. பெருமையைக் கொண்டு உடைந்த கூடை வளையத்தைத் திருத்த முடியாது. பெருமை மாரிகாலத்தில் நீர் தேங்கும் மைதானத்தை உயர்த்தாது. விதைநெல்லை ஆண்டுதோறும் இன்னொருவர் வண்டியில் ஏற்றிவிட்டு, விளைச்சலின் புகழ்ச்சியைக் கேட்டு மகிழுமாறு எந்த உழவனுக்கும் எவரும் கூறார். மேலும், விளையாட்டு அன்பினால் ஆற்றப்படுவது, அதற்குக் கூலி பேசலாகாது என்ற அறவுரை ஏன் எப்பொழுதும் கிராமத்திற்கே கூறப்படுகின்றது? வீரருக்குச் சம்பளம் உண்டு. தேசியப் பயிற்றுநருக்கு ஊதியம் உண்டு. நிறுவனத்துக்கு விளம்பரம் உண்டு. தூய அன்பு ஊராசிரியரிடம் மட்டும் எதிர்பார்க்கப்படுகின்றது. சுரண்டலுக்கு இதனினும் மென்மையான பெயர் கிடைத்தல் அரிது.

வீரரின் சுதந்திரத்தையும் வளர்த்தவரின் உரிமையையும் ஒருங்கே காத்தல் இயலுமா? இயலும் என்பதற்கு உதைபந்தாட்ட உலகம் சான்று பகரும். பெல்ஜிய வீரர் ஜீன் மார்க் பொஸ்மனின் ஒப்பந்தம் 1990இல் முடிவுற்ற பின்னரும், அவரது கழகம் கேட்ட பணம் கிடைக்காமையால் அவர் பிரெஞ்சுக் கழகமொன்றிற்குச் செல்ல முடியாதிருந்தார். 1995 டிசம்பர் 15ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் அத்தளையை அறுத்தது. இனிச் சிறு கழகங்கள் அழியும் என்ற அச்சம் எழுந்தது. அதற்கு விடையாக, 2001இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் புதிய விதிகளை வகுத்தது. ஒப்பந்தக் காலத்தில் வீரர் பணத்துக்கு நாடுவிட்டு நாடு மாறும்போது, அப்பணத்தில் நூற்றுக்கு 5 பங்கு, அவர் 12 முதல் 23 வயது வரை பயின்ற கழகங்களுக்குப் பகிரப்படும். இளம் வீரரைப் பயிற்றியமைக்கெனத் தனி ஈடும் உண்டு. எவ்வயதில் எங்குப் பயின்றார் என்பதைக் காட்டும் பதிவேடும் ஒவ்வொரு வீரருக்கும் உண்டு.

இவ்விதியிலும் குறைகள் இல்லாமலில்லை. வீரரை எடுப்போர் தலைக்கு இவ்வளவென ஈடு செலுத்த நேரின், வறிய ஊரின் இளைஞனை எடுக்கவே தயங்குவர். வோல்டன் காலத்து அனுபவம் உணர்த்துவது இதுவே. ஆதலின், இலங்கைக்கு வேண்டப்படுவது தனி வீரர் மீது சுமத்தப்படும் விலையன்று. அணிகள் அனைத்தும் ஆண்டுதோறும் செலுத்தும் பொது நிதியாகும். தேசிய மட்டப் போட்டிகளில் ஆடும் ஒவ்வொரு நிறுவன அணியும், தான் எவரைச் சேர்த்தாலும் சேர்க்காவிடினும், அந்நிதிக்குத் தன் பங்கைச் செலுத்தவேண்டும். அந்நிதி, ஆடும் வீரர் 12 வயதிலிருந்து பயின்ற பாடசாலைகளுக்கும் கழகங்களுக்கும் ஆண்டுக் கணக்கின்படி பகிரப்படவேண்டும். வீரரின் வழியை எவரும் மறியார், வேலைவாய்ப்பும் குன்றாது, ஊரின் கடனும் தீரும். கிராமத்துப் பயிற்சிக்குக் கணக்கு ஏது என்று கேட்போருக்குப் பாடசாலை வரவேட்டையும் போட்டிப் பதிவுகளையும் காட்டலாம். ஊர்க் கழகங்கள் தம் வீரரின் பெயரையும் பயிற்சிக் காலத்தையும் இன்றே குறித்து வைத்தல் அவற்றின் கடமை. கணக்கு வைக்காதவன் கடன் கேட்க இயலாது.

இறுதியாக, பல்கலைக்கழகங்கள் இவ்விவாதத்தின் பார்வையாளரல்லர். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளில் ஆடும் மாணவருட் பெரும்பாலோர் பாடசாலைக் காலத்திலேயே உருவாக்கப்பட்டவர்கள். ஆயத்தமான வீரரைப் பெற்று, கிண்ணத்தை வென்று, பயிற்றிய பாடசாலைக்கு ஒரு கடிதமும் எழுதாத நிறுவனங்களுட் பல்கலைக்கழகமும் ஒன்று. வந்தாறுமூலையில் 1981இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. உயர்கல்வி வாவிக்கரைக்கு வந்துவிட்டது. விளையாட்டுக் கடன் இன்னும் வந்துசேரவில்லை. விடுமுறைக் காலத்திற் பல்கலைக்கழக அணியொன்று படுவான்கரைப் பாடசாலையில் இரு வாரம் பயிற்சி நடத்தச் சட்டமும் நிதியமும் தேவையில்லை.

புலவர்மணி வெளியூர் சென்று கற்றுத் திரும்பி மட்டக்களப்பில் தமிழ் கற்பித்தார். அது அவரது பெருந்தன்மை. தனிமனிதப் பெருந்தன்மையை நம்பி ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளின் மைதானத்தை ஒப்படைத்தல் ஆகாது. மண்டூர்த் துறையிலே பாதையேறிச் செல்லும் ஒவ்வோர் இளைஞனும் சுதந்திரமாகச் செல்லட்டும். அவனை ஏற்றுக்கொள்ளும் அக்கரையோர், அனுப்பிவைத்த இக்கரைக்குத் தாம் பட்ட கடனை எழுத்திலும் காசிலும் ஒப்புக்கொள்ளட்டும்.