விழுங்கும்போது நெஞ்சு வலிக்குதா? எல்லாமே 'கேஸ்' இல்லை! உணவுக்குழாயிலும் பூஞ்சை வரும்

சோறு விழுங்கினால் நெஞ்சுக்குள் வலி, தண்ணீர் குடித்தாலும் எரிச்சல். இப்படி வந்தால் பலரும் முதலில் போவது ஆஸ்பத்திரிக்கு இல்லை, மெடிக்கல் கடைக்குத்தான். "கேஸ் மாத்திரை ரெண்டு குடுங்க" என்று வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கு கிளம்பி விடுகிறார்கள். ஆனால் சிலருக்கு அது கேஸே இல்லை. உணவுக்குழாயின் உள்பக்கத்தில் 'கேண்டிடா' என்ற பூஞ்சை படர்ந்திருக்கும்.

யாருக்கு வரும்?

நன்றாக இருப்பவர்களின் வாயிலும் குடலிலும் கூட இந்த பூஞ்சை கொஞ்சம் உண்டு. எதிர்ப்பு சக்தி இருக்கும் வரை அது வாலாட்டாது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், எச்.ஐ.வி. பாதித்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்கள், அடிக்கடி ஆன்டிபயாடிக் சாப்பிடுபவர்கள் ஆகியோரிடம்தான் வேலையை காட்டும். நாட்டில் 10 கோடி பேருக்கு மேல் சர்க்கரை வியாதி இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு 2023-ல் தெரிவித்தது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அமிலத்தை குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகளை டாக்டரை கேட்காமல் மாதக்கணக்கில் விழுங்கினால், இந்த பூஞ்சை வளரும் வாய்ப்பு கூடுகிறது.

எப்படி கண்டுபிடிப்பது?

மலப் பரிசோதனையில் பூஞ்சை தெரிந்தாலே நோய் என்று சொல்லிவிட முடியாது. குடலில் அது சாதாரணமாகவே இருப்பதுதான் காரணம். ரத்தப் பரிசோதனையும் இதற்கு பெரிதாக கைகொடுக்காது. என்டோஸ்கோபி குழாய் விட்டுப் பார்த்தால்தான் விஷயம் வெளிச்சத்துக்கு வரும். தண்ணீர் அடித்தாலும் போகாத வெள்ளைத் திட்டுகள் தயிர் ஒட்டியது போல தெரியும். அதில் சின்ன பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தோ, துளி சதை எடுத்தோ மைக்ராஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்கிறார்கள்.

வாயிலும் வெள்ளைப் படலம் இருந்தால், சிலருக்கு டாக்டர்கள் முதலில் பூஞ்சை மாத்திரை கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. ஒரு வாரத்தில் குறையாவிட்டால் என்டோஸ்கோபிதான். சோறு தொண்டைக்கு கீழே சிக்குது, எடையும் குறையுது என்றால் புற்றுநோயாகவும் இருக்கலாம். அதை கேஸ் மாத்திரை போட்டு தள்ளிப்போடுவது உயிருக்கே ஆபத்து.

குணமாகுமா?

சாதாரணமாக 2 முதல் 3 வாரம் புளூகோனசோல் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். வலி நின்றதும் பாதியில் விடக்கூடாது. பூஞ்சை ஏன் வந்தது என்றும் பார்க்க வேண்டும். சர்க்கரை டெஸ்ட் அவசியம். எச்.ஐ.வி. டெஸ்ட்டை அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாக செய்கிறார்கள். முடிவு ரகசியமாக வைக்கப்படும். ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் அதை நிறுத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்து துப்பினால் போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஆபத்தான 19 பூஞ்சைகளின் பட்டியலை முதல்முறையாக வெளியிட்டது. இந்த கேண்டிடா வகையும் அதில் முதல் வரிசையில் இருக்கிறது. பூஞ்சை நோய்களை கண்டுபிடிக்கும் வசதி போதவில்லை என்று 2025-ல் அதே நிறுவனம் எச்சரித்தது. இருக்கிற வசதியையாவது பயன்படுத்த வேண்டாமா? அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் என்டோஸ்கோபி செய்கிறார்கள். ஒருநாள் கூலி போகுதேன்னு பார்த்தால், பிறகு மாதக்கணக்கில் படுக்க வேண்டி வரலாம்.