தன்வரலாறு எழுதலாமோ?

மேனாடு சென்று பட்டப்பின் படிப்பை மேற்கொள்ள விழையும் எம் பழைய மாணவர்க்கு ஒரு சங்கடம் உண்டு. இலங்கைச் சர்வகலாசாலைகளில் முதற் பட்டத்துக்குப் புகும்போது எவரும் தம்மைப்பற்றி ஒரு வரிதானும் எழுத வேண்டியதில்லை. இசட் புள்ளியும் மாவட்டமும் பேசும், மாணவன் வாளாவிருக்கலாம். அமெரிக்கச் சர்வகலாசாலைகளோ கட்டுரை கேட்கின்றன. ஆங்குத் தான் தமிழன் என்பதையும், போரினால் இடம்பெயர்ந்தவன் என்பதையும், ஏன், தன் சாதியையும் எழுதுவதா விடுவதா என்பதே வினா.

2023 யூன் 29ஆந் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம், ஹாவாட், வட கரோலினா ஆகிய சர்வகலாசாலைகளின் வழக்கிலே, இனத்தை நோக்கி மாணவரைச் சேர்க்கும் முறை சட்டத்துக்கு ஒவ்வாதெனத் தீர்த்தது. இனி இனத்தைப்பற்றி எழுதுதலே ஆகாதென்று சிலர் மயங்குகின்றனர். அங்ஙனமன்று. இனம் தன் வாழ்வை எவ்வாறு தாக்கிற்றென விண்ணப்பகாரன் கூறுவதைக் கருத்திற்கொள்ளத் தடையில்லை எனப் பிரதம நீதியரசர் யோன் றொபேட்ஸ் எழுதிய அத்தீர்ப்பே கூறுகின்றது. ஆயின், அக்கூற்று அவனது துணிவையோ ஆற்றலையோ காட்டுவதாய் இருத்தல் வேண்டும்.

இக்கட்டுரைகளை வாசிப்போர் பெரும்பாலும் அவ்வத்துறைப் பேராசிரியரே. எதனை ஆராயப் போகின்றாய் என்பதே அவர்தம் முதற் கேள்வி. சுண்ணக்கற் பாறைமேல் அமைந்த எம் குடாநாட்டிலே, உரத்தின் நைத்திரேற்று கிணற்று நீரிற் கலப்பதை ஆராயப் புகும் ஒருத்தி, தான் தோட்டக்காரர் மகள் என்பதையும் அந்நீரையே பருகி வளர்ந்தமையையும் எழுதுவாளாயின் ஆய்வுக்கே வலுவுண்டாகும். தூய கணிதம் பயிலப் போகும் ஒருவன் 2009ஆம் ஆண்டின் முகாமை முதற் பந்தியில் வைத்துவிட்டு, அடுத்த பந்தியிலே தேற்றங்களுக்குத் தாவுவானாயின், துயரம் அங்கே வெறும் அலங்காரமாகின்றது. தந்தையை இழந்து, தொழில் செய்து படித்தமையாற் பெறுபேறு குறைந்ததெனின் இரண்டு வாக்கியம் போதும். கலிபோர்னியாச் சர்வகலாசாலை போன்றவை தன்வரலாற்றைத் தனிக் கட்டுரையாகவே கேட்பதுண்டு. விரிவான கதைக்கு உரிய இடம் அதுவே.

சாதியைப்பற்றி மூச்சும் விடாதே எனப் புத்தி கூறும் பெரியோர் எம்மிடையே பலர். ஊர் அழுக்கை அந்நியர் முன் அலசுவதோ என்பர். அவர்கள் காப்பது எவருடைய மானம்? ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்தவன் அவ்வொடுக்குமுறையையே ஆராயப் புகும்போது அவன் வாயை அடைக்க எமக்கு உரிமையில்லை. எழுதினாற் புலமைப்பரிசில் கிட்டும் என்று அவனைத் தூண்டவும் உரிமையில்லை. எழுதியதன் விளைவை ஊரிலுள்ள அவன் வீட்டாருமன்றோ சுமப்பர்!

சிபார்சுக் கடிதம் எழுதும் ஆசிரியர்க்கும் ஒரு சொல். மாணவன் தன் கட்டுரையிற் கூறாது விட்டதை, இரக்கத்தின் மிகுதியால், கடிதத்திலே வெளியிட்டுவிடும் ஆசிரியர் உளர். எழுதுமுன் அவனைக் கேட்டறிதல் முறை. அக்கடிதத்தைப் பார்க்கும் உரிமையைக் கைவிட்டே பெரும்பாலோர் விண்ணப்பிக்கின்றனர். ஆதலின், தன்னைப்பற்றி எது அங்கே சென்றதென்பதை அவன் பின்னரும் அறியான்.