இரவுப் பணியும் ஏறும் எடையும்: குதைபியாச் செவிலியர் குறித்துச் சமூகம் சிந்திக்க வேண்டியவை

வளைகுடா நாடுகளின் மருத்துவமனைகளைத் தாங்கி நிற்போருள், தமிழகத்தில் செவிலியர் என்றும் ஈழத்தில் தாதியர் என்றும் அழைக்கப்படுவோரின் பங்கு பெரிது. பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் தெற்காசியக் குடும்பங்கள் செறிந்து வாழும் குதைபியாவிலும் அத்தகையோர் வாழ்கின்றனர். சல்மானியா மருத்துவ வளாகமும், 1903ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அமெரிக்கன் மிஷன் மருத்துவமனையும் அங்கிருந்து தொலைவில் இல்லை. மாலை மங்கும் வேளையில் சீருடையுடன் பணிக்குப் புறப்பட்டு, மறுநாள் வெயில் ஏறிய பின் வீடு திரும்பும் பெண்களை அத்தெருக்களில் எவரும் காணலாம்.

நோயாளிகளுக்கு உணவுமுறை பற்றி எடுத்துரைக்கும் இச்செவிலியர் பலருக்கும் பணியில் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே உடல் எடை கூடிவிடுகின்றது. விடுமுறையில் ஊர் திரும்பும் பெண்ணைப் பார்த்து உறவினர் கூறும் முதற்சொல்லே “உடம்பு போட்டுவிட்டாயே” என்பதாக இருக்கின்றது. அதனை நலம் விசாரிப்பாகச் சிலரும், ஏளனமாகச் சிலரும் கூறுகின்றனர். திருமணப் பேச்சு நடைபெறும் குடும்பமாயின் அச்சொல் பெரும் சுமையாகவே மாறிவிடுகின்றது. வாய்க்கட்டுப்பாடு இல்லை, சோம்பல், வளைகுடாச் சொகுசு என்பவையே இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றன. இப்பார்வை தவறானது. அது மட்டுமன்றி, உரிய தீர்வைக் காணவொட்டாமல் தடுப்பதும் இதுவே.

கடிகாரம் செய்யும் வேலை

மனித உடல் பகலில் உண்டு இரவில் உறங்குவதற்கேற்ப இயங்குவது. உணவிலிருந்து வரும் சர்க்கரையைக் கையாளும் ஆற்றல் இரவில் குறைகின்றது. பகலில் உண்ணும் அதே ஒரு தட்டுச் சோறு, நள்ளிரவு இரண்டு மணிக்கு உண்ணப்படும்போது இரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக உயர்த்துகின்றது. பகலுறக்கமோ நான்கைந்து மணி நேரத்தில் கலைந்துவிடுகின்றது. குறைந்த உறக்கம் பசியைத் தூண்டும் சுரப்பைக் கூட்டி, வயிறு நிறைந்தது என்று உணர்த்தும் சுரப்பைக் குறைக்கின்றது என்பதை 2004ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. அதனால்தான் இரவுப் பணி முடித்தவரின் மனம் கீரையை நாடாமல் பரோட்டாவையும் இனிப்பையும் நாடுகின்றது. இதனைக் குணக்குறை என்று கொள்ளுதல் பொருந்தாது.

அமெரிக்கச் செவிலியர் ஏறத்தாழ 1,77,000 பேரின் தரவுகளைக் கொண்டு ஆர்வர்டு ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஈண்டு கருதத்தக்கது. இருபது ஆண்டுகளுக்கு மேல் சுழற்சி முறையில் இரவுப் பணி செய்தோருக்கு, இரவுப் பணி செய்யாதோரை விட இரண்டாம் வகை நீரிழிவு தோன்றும் வாய்ப்பு 58 விழுக்காடு மிகுதியாக இருந்தது. உடல் எடையையும் கணக்கில் கொண்டு பார்த்தபோது அவ்வேறுபாடு 24 விழுக்காடாகக் குறைந்தது. அதாவது, இரவுப் பணியின் தீங்கில் பெரும் பகுதி எடை ஏற்றத்தோடு பிணைந்தே வருகின்றது. எடையைக் காத்துக்கொண்டால் தீங்கின் பெரும் பகுதியைத் தவிர்க்க இயலும் என்ற நம்பிக்கையையும் இவ்வாய்வு தருகின்றது.

இங்கிலாந்திலும் நிலைமை வேறன்று. 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி அங்குள்ள செவிலியரில் நால்வருள் ஒருவர் உடற்பருமன் உடையவராக இருந்தார். எனவே இதனை வளைகுடாவின் சொகுசு என்று கூறுவதற்கு இடமில்லை. இத்தொழிலோடு ஒட்டி வரும் இடர் இது.

தமிழருக்குக் கூடுதல் அபாயம்

தெற்காசியருக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதயநோயும் தோன்றுகின்றன. ஆகவே, மேலை நாட்டாருக்கு 25 என வகுக்கப்பட்ட உடல் நிறை குறியீட்டு எல்லை, ஆசிய மக்களைப் பொறுத்தவரை 23லேயே எச்சரிக்கையாகக் கொள்ளப்பட வேண்டும் என உலக நலவாழ்வு அமைப்பின் வல்லுநர் குழு 2004ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. அளவையும், ஆண்களுக்கு 90 செ.மீ. அளவையும் எட்டினாலே கவனம் தேவை. எடை பார்க்கும் கருவி இல்லாத வீட்டிலும் தையற்காரரின் அளவு நாடா ஒன்று போதும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடத்தப்பட்டு 2023ஆம் ஆண்டில் வெளியான நாடு தழுவிய ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோருள் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இத்தகைய மரபுவழிச் சாய்வுடன் பிறந்த ஒரு பெண், பத்து இருபது ஆண்டுகள் இரவில் விழித்து, இனிப்புத் தேநீர் அருந்தி, வெயிலுக்கு அஞ்சி வீட்டினுள் அடைந்து வாழ்ந்தால் விளைவு என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. அவர் அனுப்பும் பணத்தில் ஊரில் வீடு எழும்பும். தம்பி தங்கையர் படிப்பர். ஆயின், ஐம்பது வயதில் அவர் ஊர் திரும்பும்போது கையில் மாத்திரைப் பையுடன் திரும்புவாராயின், அக்குடும்பம் ஈட்டியது எது, இழந்தது எது?

பணியறையும் குதைபியாத் தெருவும்

எடை எங்கிருந்து ஏறுகின்றது என்பதைச் செவிலியர் நன்கறிவர். குணமடைந்து வீடு செல்லும் நோயாளியின் குடும்பத்தார் நன்றியுடன் இனிப்புப் பெட்டி தருகின்றனர்; அது பணியறை மேசையில் விடியும்வரை திறந்தே கிடக்கின்றது. உடன் பணிபுரிவோர் வீட்டிலிருந்து பிரியாணி கொண்டுவருகின்றனர். உறக்கம் விரட்டக் கரக் தேநீர் வருகின்றது. ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை எனக் கொண்டால், நான்கு கோப்பையில் எட்டுக் கரண்டி சேர்ந்துவிடும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு கரண்டிக்குள், சேர்க்கைச் சர்க்கரையை நிறுத்திக்கொள்வதே நன்று என்பது உலக நலவாழ்வு அமைப்பு 2015ஆம் ஆண்டில் கூறிய அறிவுரை. தேநீர் மட்டுமே அவ்வெல்லையைக் கடந்துவிடுகின்றது.

பணி முடிந்து வரும் வழியிலோ, தெருவுக்குத் தெரு கோல்டு ஸ்டோர்கள். குளிர்பானம், சிப்ஸ், பன் என எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் கிடைக்கின்றன. 2017ஆம் ஆண்டின் இறுதியில் பஹ்ரைன் அரசு ஊக்கபானங்களுக்கு 100 விழுக்காடும் குளிர்பானங்களுக்கு 50 விழுக்காடும் வரி விதித்தது இந்தத் தீங்கை உணர்ந்தே ஆகும்.

நாள் முழுதும் வார்டில் நடக்கிறோமே என்று செவிலியர் கூறுவதுண்டு. அந்நடை உண்மையானது, களைப்பும் உண்மையானது. ஆயினும் பத்தடி நடந்து நின்று, மீண்டும் பத்தடி நடக்கும் அந்த நடை, மூச்சு சற்று வாங்கும்படி அரைமணி நேரம் தொடர்ந்து நடப்பதற்கு ஈடாகாது.

செய்யத்தக்கவை

பட்டினி இதற்கு மருந்தாகாது. விடுமுறைக்கு ஒரு மாதம் இருக்கையில் உணவை அடியோடு குறைத்து, ஊர் சென்று வந்தபின் இருமடங்கு எடை ஏற்றுக்கொள்வதைப் பலரிடமும் காணலாம். “மெலிவு தேநீர்”, “மூலிகை மாத்திரை” என்று கைமாற்றாக விற்கப்படுபவை மேலும் ஆபத்தானவை. இதயத்திற்குக் கேடு என்று 2010ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்னும் மருந்து, இத்தகைய பொருள்களில் மறைவாகக் கலக்கப்பட்டிருந்தமை மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்டுள்ளது. இந்நாளில் பேசப்படும் வாரம் ஒருமுறை போடும் ஊசிகள் பயனுடையவையே. ஆயின் மருத்துவரின் கண்காணிப்பின்றி அவற்றைத் தொடுதல் கூடாது.

முதலில் மாற்ற வேண்டியது உணவின் நேரம். 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், செயற்கையாக அமைக்கப்பட்ட இரவுப் பணியில் இரவிலும் உண்டோருக்கு இரத்தச் சர்க்கரை 6.4 விழுக்காடு உயர்ந்தது. பகலில் மட்டும் உண்டோருக்குக் குறிப்பிடத்தக்க உயர்வு ஏற்படவில்லை. பங்கேற்றோர் 19 பேரே எனினும், அது காட்டும் வழி எளியது. பணிக்குப் புறப்படுமுன் மாலை ஆறு மணியளவில் முழு உணவை வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம். நள்ளிரவுக்குப் பின் சோறும் பிரியாணியும் தவிர்த்து, பசித்தால் மட்டும் ஒரு கிண்ணம் சுண்டல், அவித்த முட்டை, மோர், ஒரு பழம் எனச் சிறிதளவு உண்ணலாம். தேநீரைச் சர்க்கரையின்றிப் பழகி, பின்னிரவு மூன்று மணிக்குப்பின் நிறுத்திவிட்டால் காலையுறக்கம் கெடாது. வீடு திரும்பியதும் இரண்டு இட்லியோ சிறு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சியோ உண்டு படுக்கலாம். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்போரும், கருவுற்றோரும், பாலூட்டுவோரும் மருத்துவரைக் கேளாமல் உணவு நேரத்தை மாற்றுதல் ஆகாது.

அடுத்தது உறக்கம். தடித்த திரை, அமைதிப்படுத்திய கைபேசி, ஏழு மணி நேரம். மூன்றாவது நடை. குளிர்காலத்தில் குதைபியாவை ஒட்டிய அந்தலூஸ் பூங்காவும், கோடையில் குளிரூட்டப்பட்ட வணிக வளாகத்தின் தாழ்வாரமும் அதற்குப் போதும்.

குடும்பத்தின் கடமை, நிறுவனத்தின் கடமை

இவையனைத்தையும் செவிலியர் ஒருவரே செய்துகொள்ள இயலாது. மாலை ஆறு மணிக்கு உணவு ஆயத்தமாக வேண்டுமெனின் கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் அடுக்களையில் பங்கேற்க வேண்டும். இரவெல்லாம் விழித்தவர் காலையில் வந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் படுக்க வேண்டும் என எதிர்பார்க்கும் வீட்டில், எந்த உணவுத் திட்டமும் பயன் தராது. பெற்றோர் ஊரிலிருந்து தொலைபேசியில் அழைக்கும்போது பஹ்ரைனின் கடிகாரத்தைப் பார்த்து அழைத்தால், ஒரு நாளின் உறக்கம் காக்கப்படும். அம்மாவின் பகலுறக்கத்தைக் காத்து, தன் கையால் சோறு வடித்து வைக்கும் பிள்ளை, தன் உடலையும் காக்கக் கற்றுக்கொள்கின்றது.

பஹ்ரைனின் 2012ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தனியார் துறையில் தொடர்ந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவேளையின்றி வேலை வாங்கலாகாது என்றும், அவ்விடைவேளை அரைமணி நேரத்துக்குக் குறையலாகாது என்றும் கூறுகின்றது. நின்றபடியே ஐந்து நிமிடத்தில் கிடைத்ததை விழுங்கும் பழக்கம் அந்த உரிமையைக் கைவிட்டதன் விளைவே. செவிலியர் இதனைப் பணிவாகவும் கூட்டாகவும் கேட்டுப் பெறுதல் வேண்டும். இரவில் சிற்றுண்டிப் பொறியின் சிப்ஸைத் தவிர வேறொன்றும் கிடைக்காத நிலையை மருத்துவமனைகளும் மாற்ற வேண்டும்.

தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978ஆம் ஆண்டு முதல் இயங்கி, செவிலியரை வளைகுடாவுக்கு அனுப்பி வருகின்றது. புறப்படுமுன் தரப்படும் வழிகாட்டலில் ஒப்பந்தம், ஊதியம் ஆகியவற்றோடு இரவுப் பணியில் உண்பது, உறங்குவது பற்றிய ஒரு மணி நேர வகுப்பும் இடம்பெற வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. புலம்பெயர் தமிழ்ச் சங்கங்கள் விழா மேடையில் செவிலியருக்குப் பொன்னாடை போர்த்துவதோடு நில்லாமல், ஆண்டுக்கொருமுறை சர்க்கரை, இரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றைச் சோதிக்கும் முகாமை அவர்களுக்கென்றே நடத்தலாம்.

அடுத்த விடுமுறையில் வீட்டு வாசலில் வந்திறங்கும் பெண்ணிடம் “உடம்பு போட்டுவிட்டாயே” என்று கூறுவதற்கு மாறாக, “எத்தனை மணி நேரம் உறங்குகிறாய், எத்தனை மணிக்கு உண்கிறாய்” என்று ஊரார் கேட்கட்டும். பிறர் உயிரைக் காக்க இரவெல்லாம் விழித்திருப்பவரின் உடலைக் காக்கும் பொறுப்பு, அவர் உழைப்பால் வாழும் குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் உண்டு.