‘சின்னப் புள்ளைச் சண்டை’ என்னும் சாக்கு

பையன் அழுதுகொண்டே வீட்டுக்கு வருகிறான். “ஏல, அவன் அடிச்சா நீயும் திருப்பி அடிச்சிட்டு வரவேண்டியதுதான?” என்கிறார் அப்பா. பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டால், “சின்னப் புள்ளைச் சண்டை. நாளைக்கே ஒண்ணா விளையாடுவானுவ. பெரியவங்க தலையிட்டாத்தான் பெரிசாவும்” என்று பதில் வருகிறது. நெல்லைச் சீமையில் சாதி பேதம் பாராமல் எல்லாரும் ஒப்புக்கொள்கிற நம்பிக்கை இது. இது பொய் என்பதற்கும் நெல்லைச் சீமையே சாட்சி.

2025 ஏப்ரலில் பாளையங்கோட்டைத் தனியார் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவன் வகுப்பறையிலேயே சக மாணவனை அரிவாளால் வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. சில வாரங்களுக்கு முந்தைய பென்சில் தகராறுதான் காரணம் என்றது காவல்துறை. 2022-ல் பள்ளக்கால் பொதுக்குடி அரசு மேல்நிலைப் பள்ளியில், கையில் கட்டும் சாதிக் கயிற்றை ஒட்டி எழுந்த மோதலில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் உயிரிழந்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனையும், குறுக்கே விழுந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்களில் உடன் படித்தவர்கள் இருந்தார்கள். அதற்கு முன்பே அவனைச் சீண்டி, ஏவல் வேலை வாங்கி, பள்ளிக்கூடம் போகவே அஞ்ச வைத்திருந்தார்கள். இவை எதுவும் பெரியவர்கள் தலையிட்டதால் முளைத்தவை அல்ல. நேரத்தோடு யாரும் தலையிடாமல்தான் பெரிதாயின.

“பிஞ்சுகளுக்குச் சாதி தெரியுமா?” என்று கேட்பவர்கள் பாஞ்சாகுளத்தை நினைத்துக்கொள்ளட்டும். 2022 செப்டம்பரில், சங்கரன்கோவில் பக்கத்து அந்த ஊரில், தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிக் குழந்தைகளிடம் ‘ஊர்க் கட்டுப்பாடு’ என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பினார் கடைக்காரர். நூறாண்டுக்கு முன் தாமிரபரணிக் கரையில், சேரன்மகாதேவி குருகுலத்தில், பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதும் பெரியவர்கள்தான். கடையிலும் பந்தியிலும் நாம் கற்றுக்கொடுத்ததைத்தான் பிள்ளைகள் வகுப்பில் ஒப்பிக்கிறார்கள்.

சண்டை என்பது சமபலம் உள்ள இருவருக்குள் நடப்பது. அது மறுநாள் தீர்ந்தும் போகும். ஒருவனை நாலு பேர் சேர்ந்து நாள்தோறும் பட்டப்பெயர் சொல்லி ஒதுக்குவது சண்டையே கிடையாது. திருப்பி அடிக்கத் தெம்பில்லாதவன் என்று பார்த்துத்தானே அவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? அவனிடம் போய் “திருப்பி அடி” என்பது அறிவுரையா, கைகழுவலா?

“அப்படியானால் பொறுப்பை மாணவர்களிடமே கொடுத்துவிடலாமே” என்று சிலர் இன்னொரு பக்கம் சாய்கிறார்கள். ஒரு கிளாஸ் லீடர், அவன் கையில் ஒரு சாக்பீஸ், கரும்பலகையில் பெயர்ப் பட்டியல். இதனால் வகுப்பில் ஏற்கெனவே ஓங்கியிருப்பவன் கைதான் இன்னும் ஓங்கும். கேம்ப்ரிட்ஜ் ஆய்வாளர்கள் டோஃபியும் ஃபாரிங்டனும் உலகெங்கும் நடந்த பள்ளித் துன்புறுத்தல் தடுப்புத் திட்டங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, சக மாணவர்களையே நடுவர்களாக அமர்த்துவது போன்ற முறைகள் துன்புறுவோர் எண்ணிக்கை கூடுவதோடு சேர்ந்து வந்ததைக் கண்டார்கள். பின்லாந்தின் ‘கிவா’ திட்டம் வேறு வழியில் போனது. அங்கே யாரையும் நீதிபதி ஆக்கவில்லை. வேடிக்கை பார்ப்பவர்களைச் சிரிக்காமல் இருக்கவும், ஒதுக்கப்பட்டவன் பக்கத்தில் போய் உட்காரவும் பழக்கினார்கள். விசாரிப்பதும் தீர்ப்பதும் ஆசிரியர் வேலையாகவே இருந்தது. மாணவர் முன்னின்று தடுப்பது என்றால் இதுதான்.

நாங்குநேரிக்குப் பிறகு அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறுகளுக்குத் தடை, அகர வரிசையில் இருக்கை, சமூக நீதி மாணவர் படை என்று நல்ல பரிந்துரைகள் அதில் உண்டு. ஆனால் அறநெறி வகுப்பை ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கச் சொல்கிறது. அதற்குள் பிள்ளை யாரோடு சேரலாம், யாரைச் சீண்டலாம் என்று ஐந்து வருஷம் படித்து முடித்திருப்பான். அரசுப் பள்ளிகளில் புகார் எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத ஒன்றாம் வகுப்புக் குழந்தை அதில் என்ன எழுதிப் போடும்?

ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். வாரத்தில் ஒரு பாடவேளை, “யார் யாரோடு விளையாடவில்லை?” என்று ஆசிரியர் வாய்விட்டுக் கேட்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கழிப்பறை, காம்பவுண்டுச் சுவரோடு இதையும் பேசுங்கள். பள்ளியில் கேட்க ஆளில்லை என்றால் பள்ளிக் கல்வி உதவி எண் 14417-க்கோ குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ கூப்பிடுங்கள். “சின்னப் புள்ளைச் சண்டை” என்று இனி ஒருவர் சொன்னால், எத்தனை பேர் சேர்ந்து எத்தனை நாளாக ஒருவனை அடிக்கிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.